கேளுங்கள் சொல்கிறேன்: ஆய்வேட்டுப் பிள்ளைகளும் ஒன்லைன் பரீட்சையும்

போன இதழில் ஒன்லைன் பரீட்சை பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று ஒரு மூலையில் ஒற்றை வரிதான் போட்டிருந்தேன். வந்து குவிந்துவிட்டது. பெரும்பாலும் நம்ம திருகோணமலைப் பக்கத்துக் கடிதங்கள், அதிலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தைச் சுற்றியுள்ள ஆக்கள். பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதியிருப்பதால் யார் பெயரும் போடவில்லை, ஊர் மட்டும்.

"சேர், நான் விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டு வருடம். ஆய்வேடு செய்யும் இறுதியாண்டுப் பிள்ளைகள் 38 பேருக்கு ஆய்வு முறையியல் பரீட்சையை இந்த முறை மூடில் (Moodle) என்ற ஒன்லைன் கற்றல் மென்பொருளில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். 'ஐம்பது பல்தேர்வு போடு, கொம்பியூட்டரே திருத்தும், உனக்கும் வேலை மிச்சம்' என்கிறார்கள் மூத்தவர்கள். போடலாமா?"
(இளம் விரிவுரையாளர், நிலாவெளி)

போடலாம் தம்பி, ஆனால் ஐம்பதும் அதுவாகவே இருக்கக் கூடாது. ஒரு கணக்குப் பார்ப்போம். நாலு விடையில் ஒன்று சரி, அப்படி ஐம்பது வினா. ஒரு பிள்ளைக்கு உண்மையில் 15 தான் தெரியும் என்று வையுங்கள். மிச்சம் 35ஐயும் கண்ணை மூடிக்கொண்டு குத்தினால் சராசரியாக எட்டு ஒன்பது தானாகச் சரிவரும். ஆக 23 அல்லது 24. தேர்ச்சிக்கு 40 புள்ளி என்றால், 30 வீதம் மட்டும் தெரிந்த பிள்ளை 47 எடுத்துக்கொண்டு சிரித்தபடி போகும். சரி, பிழைக்குப் புள்ளி குறைப்போம் என்று சிலர் கிளம்புவார்கள். அதில் அடிபடுவது துணிந்து குத்துகிறவன் இல்லை, தெரிந்தும் தயங்கி வெற்றிடம் விடுகிற பிள்ளை. எனக்கு அது பிடிக்காது.

நான் என்றால் பல்தேர்வை இருபதோடு நிறுத்தி 30 புள்ளி கொடுப்பேன். மிச்சம் 70க்கும் எழுத வைப்பேன். எழுத வைப்பது என்றால் "மாதிரியெடுப்பின் வகைகளை விளக்குக" என்று கேட்பது இல்லை, அதைப் புத்தகத்திலிருந்தோ சட்ஜிபிடியிடமிருந்தோ ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். இப்படிக் கேளுங்கள்: ஒரு மாணவி நிலாவெளிக் கரையில் காலையில் கரைவலை இழுக்கும் 40 பேரிடம் வினாக்கொத்து நிரப்பிவிட்டு, "திருகோணமலை மாவட்ட மீனவர்களில் 70 வீதமானோர் கடனாளிகள்" என்று முடிவு எழுதுகிறார். இந்த வசனத்தை என்ன காரணம் சொல்லி எப்படித் திருத்துவீர்கள்? யார் யார் அந்த 40 பேருக்குள் வரவே வழியில்லை? வள்ளத்தில் ஆழ்கடல் போனவர் அந்த நேரம் கரையில் இல்லை, கிண்ணியா மூதூர்க்காரர் அந்தக் கரையிலேயே இல்லை. இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமான ஆய்வு முறையியலை எழுதவும் தெரியும். அடுத்த வினாவில் அவரவர் முன்மொழிவையே கையில் எடுக்கச் சொல்லி, "உங்கள் மாதிரித் தெரிவில் உள்ள பெரிய ஓட்டை எது, அதை வைத்துக்கொண்டு எதைச் சொல்லக் கூடாது?" என்று கேளுங்கள். 38 பேருக்கும் 38 விடை. பார்த்து எழுதப் பக்கத்து வீட்டுக்காரனிடம் எதுவும் இருக்காது. படிப்புகளை நிலை நிலையாகத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் சிறப்புப் பட்டம் 6ஆம் நிலை. மனனத்தைச் சோதிக்கிற இடம் அது இல்லை.

இனி மூடில் அமைப்புகள். 2002இல் அவுஸ்திரேலியாவில் ஒருவர் தொடங்கி வைத்த மென்பொருள், இன்றைக்கும் பெட்டி பெட்டியாகக் கேள்வி கேட்டு ஆளைக் களைக்க வைக்கும். எல்லாப் பெட்டியையும் நோண்ட வேண்டாம், மூன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்று, திறந்து மூடும் நேரமும் எழுதும் கால அளவும் வெவ்வேறு. 9 மணிக்குத் திறந்து 11.30க்கு மூடுகிறது, எழுத 2 மணித்தியாலம் என்று போட்டால், 9.20க்கு நுழைந்தவருக்கு முழு நேரமும் கிடைக்கும், 9.50க்கு நுழைந்தவரை 11.30க்கு வெட்டிவிடும். இதைப் பிள்ளைகளுக்கு முதலே சொல்லுங்கள். இரண்டாவது, மீள்பார்வைத் தெரிவுகள். சாதாரணமாக விட்டுவிட்டால் ஒரு பிள்ளை சமர்ப்பித்த அடுத்த நொடியே சரியான விடைகளைக் காட்டிவிடும். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள், இவர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டிருப்பார். பரீட்சை மூடும்வரை அந்தக் குறிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். மூன்றாவது, ஒரு போலி மாணவர் கணக்கு வாங்கி, உங்கள் லப்டொப்பில் இல்லை, ஒரு மலிவான ஃபோனில் முழுப் பரீட்சையையும் எழுதிப் பாருங்கள். நீங்கள் ஆசைப்பட்டுப் போட்ட பெரிய அட்டவணை அந்தத் திரையில் எப்படிக் கிழிந்து தொங்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

வினாக்களின் ஒழுங்கைக் கலக்குவதில் தவறில்லை. வினா வங்கியிலிருந்து ஆளுக்கொரு வினா எழுமாறாக எடுக்க விடுவதென்றால் ஒரே தரத்து வினாக்களை ஒரே பிரிவில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒருவருக்கு வரைவிலக்கணமும் இன்னொருவருக்குப் பிற்செலவுப் பகுப்பாய்வு (regression) என்ற கடினமான புள்ளிவிபரக் கணக்கும் விழும், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"சேர், நான் கிண்ணியா. போன பரீட்சையில் நாற்பதாவது நிமிடம் கரண்ட் போய்விட்டது, ரவுட்டரும் செத்துவிட்டது. திரும்பி உள்ளே போகும்போது இருபது நிமிடம் காணாமல் போயிருந்தது. எழுதினது இருக்கிறதா இல்லையா என்று கைகால் நடுங்கியது. இனி இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?"
(இறுதியாண்டு மாணவி)

தங்கச்சி, நீங்கள் எழுதியது பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருந்திருக்கும். மூடில் வினாத்தேர்வு சாதாரணமாக நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும். இணைப்பு இருக்கும்வரை தட்டச்சு செய்தது சேர்வரில் இருக்கும், அறுந்த பிறகு தட்டியதுதான் ஆபத்து. ஆனால் மணிக்கூடு சேர்வரில் ஓடுகிறது, உங்கள் வீட்டில் கரண்ட் போனது அதற்குத் தெரியாது. அதனால் அந்த இருபது நிமிடம் போனது போனதுதான், யாராவது கையால் கூட்டித் தந்தால் ஒழிய.

கூட்டித் தர முடியும். விரிவுரையாளர் நினைத்தால் ஒரு தனி மாணவருக்கு மட்டும் நேரத்தை நீட்டலாம், நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே நீட்டலாம். நேரம் முடிந்து தாள் தானாகச் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டால்தான் சிக்கல். அப்புறம் சாதாரண அமைப்பில் கொடுக்கக்கூடியது இன்னொரு முயற்சி, அது வெறும் தாளில் தொடங்கும். ஆகவே கரண்ட் போன உடனே அழாமல் முதலில் ஃபோனில் ஹொட்ஸ்பொட் போட்டு, பழைய முயற்சியைத் தொடருங்கள். எழுத்துப் பரீட்சைக்கு டேட்டா அதிகம் தேவைப்படாது. அடுத்ததாக, நேரம் தெரியும்படி திரையைப் படம் எடுத்து இணைப்பாளருக்கு அந்த நிமிடமே அனுப்புங்கள். மறுநாள் அனுப்புகிற கதையை யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் நம்ப மாட்டார்கள். பெரிய விடை என்றால் ஒவ்வொரு பந்தி முடிய ஒருக்கால் அடுத்த பக்கம் போய்த் திரும்பி வாருங்கள், பக்கம் மாறும்போதும் சேமிக்கும்.

விரிவுரையாளர்களுக்கும் இதிலே ஒரு வார்த்தை. 2022 மார்ச் 31இல் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடே இருண்டதற்குக் காரணம் பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் போன ஒரு குரங்கு என்று அமைச்சரே சொன்னார். குரங்கு பரீட்சை அட்டவணை பார்த்து வராது. மாரிக் காலத்தில் வைக்கிற பரீட்சை என்றால் மாற்றுத் திகதியையும், யாரை எந்த இலக்கத்தில் அழைக்க வேண்டும் என்பதையும் வினாத்தாளுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் விட்டுவிட்டு அன்றைக்கு ஆளுக்கொரு சலுகை கொடுத்தால் கரண்ட் போகாத பிள்ளையும் கரண்ட் போனதாகச் சொல்லும்.

"தமிழ்மூலப் பிள்ளைகளுக்குச் சிறுவிடை வினா போட்டேன். வேர்டில் அடித்ததை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. திரும்ப அடித்துப் போட்டேன். அப்புறம் பார்த்தால் சரியான விடைகளுக்கே பூச்சியம் விழுந்திருக்கிறது. மெஷினுக்குத் தமிழ் தெரியாதா?"
(விரிவுரையாளர், உப்புவெளி)

முதல் பாதிக்குக் காரணம் பாமினி. இலங்கையில் முக்கால்வாசிப் பேர் விரல் பழகினது அந்த எழுத்துருவில்தான், அது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள், மாற்றித் தருகிற இலவசக் கருவிகள் நிறைய உண்டு. மாற்றிய பிறகு ஒருதரம் வாசித்துப் பாருங்கள், மாற்றி அங்கங்கே சறுக்கும்.

இரண்டாவது பாதி கொஞ்சம் நுணுக்கமானது. "பௌதிகம்" என்பதைச் சரியாக அடிப்பவர் ஔகாரக் குறியைப் போடுவார். இன்னொருவர் கொம்பும் ப-வும் ள-வும் வரும்படி "பெளதிகம்" என்று அடிப்பார். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கொம்பியூட்டருக்கு இரண்டும் வேறு சொல். அத்தோடு ஒரே பொருளுக்குப் பிள்ளைகள் குடித்தொகை என்றும் சனத்தொகை என்றும் எழுதுவார்கள், இந்தியப் புத்தகம் படித்த பிள்ளை வேறு ஏதாவது எழுதும், இவை எல்லாம் விளங்கித்தான் எழுதியது. நீங்கள் ஒரே ஒரு விடையைக் கொடுத்துவிட்டு மெஷினைத் திட்டினால் அது என்ன செய்யும்? வரக்கூடிய வடிவங்கள் எல்லாவற்றையும் ஏற்கத்தக்க விடையாகச் சேருங்கள். பரீட்சை முடிந்த பின் வந்த விடைகளை ஒருமுறை ஓடிப் பார்த்து, விடுபட்டதைச் சேர்த்து, மீள்மதிப்பீட்டுப் பட்டனை அழுத்தினால் எல்லோருக்கும் புள்ளி திரும்பக் கணிக்கப்படும். இந்த அரை மணித்தியாலத்துக்குச் சோம்பல்பட்டால் பிள்ளைகளின் வயிற்றெரிச்சலை வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். சுருக்கமாகச் சொன்னால், தமிழில் சிறுவிடை வினாவை முழுக்க மெஷினிடம் விட்டுவிட முடியாது, ஒரு மனிதக் கண் பார்த்தே ஆக வேண்டும்.

"வீட்டிலிருந்து எழுதினால் கள்ளம் செய்கிறார்கள். கமராவைப் போட்டுக் கண்காணிக்க வேண்டும் என்கிறேன் நான், சக விரிவுரையாளர்கள் சிரிக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கிற மென்பொருளையாவது வாங்கலாம் அல்லவா?"
(திருகோணமலை நகரம்)

நானும் கொஞ்சம் சிரித்தேன், கோபிக்க வேண்டாம். உங்கள் பிள்ளைகளின் வீடுகளை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். ஒரே அறை, பின்னால் தம்பி ஓடுவான், அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுவார், இதையெல்லாம் கமரா "சந்தேகம்" என்று குறித்து வைக்கும், அதை உட்கார்ந்து பார்க்கப்போவது நீங்கள்தான். முகத்தையும் வீட்டையும் பதிவு செய்து சேமித்தால் அது தனிப்பட்ட தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது, பதிவை யார் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்று ஒரு தாளிலாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? சேஃப் எக்ஸாம் பிரவுசர் என்று சூரிச் இடிஎச் பல்கலைக்கழகத்தில் உருவான ஒன்று உண்டு. இலவசம், நல்லது, பரீட்சை முடியும்வரை வேறு எதையும் திறக்க விடாது. ஆனால் அது விண்டோஸ், மக், ஐபோன், ஐபாட் ஆகியவற்றுக்கு. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அன்ட்ரொயிட் ஃபோனில் எழுதுகிறார்கள் என்று கையை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். வளாகத்துக் கொம்பியூட்டர் அறைக்குள் வைத்து நடத்துவதென்றால் தாராளமாகப் பாவியுங்கள், அதற்குத்தான் அது பொருத்தம்.

கண்டுபிடிக்கிற மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். 2023இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளை வைத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் ஆங்கிலப் பரீட்சைக்குத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைச் சோதித்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை மெஷின் எழுதியவை என்று பிழையாகச் சொல்லப்பட்டன. நம் பிள்ளைகளின் எளிய ஆங்கிலத்துக்கும் அதே கதிதான். சட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று அதே வருடம் ஜூலையில் நிறுத்திவிட்டது. அதேபோல, மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிற டர்னிடின் மென்பொருள் காட்டுகிற வீதமும் ஒற்றுமையின் வீதம், களவின் வீதம் இல்லை. உசாத்துணைப் பட்டியலும் வினாக்கொத்தும் சேர்ந்தே அந்த எண்ணை ஏற்றிவிடும்.

ஆய்வேட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை ஏனோ மறந்துவிடுகிறோம். எப்படியும் அவர்களுக்கு வாய்மொழிப் பரீட்சை உண்டு. ஒன்லைனில் எழுதிய விடையை அங்கே கையில் வைத்துக்கொண்டு, "இந்த வசனத்தில் பக்கச்சார்பு என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் தரவில் அது எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று பத்து நிமிடம் ஆறுதலாகக் கேளுங்கள். தானாக எழுதிய பிள்ளை தடுமாறித் தடுமாறியாவது காட்டும். வாங்கி எழுதியது கூரையைப் பார்க்கும். இப்படிக் கேட்கப் போகிறோம் என்று முன்பே சொல்லிவிட்டால் பாதிக் கள்ளம் அன்றைக்கே நின்றுவிடும்.

"ஒரே கட்டுரை விடைக்கு முதற் பரீட்சகர் 68, நான் 49. இப்போது இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. யார் சரி?"
(இரண்டாம் பரீட்சகர், ஊர் வேண்டாமாம்)

இரண்டு பேரும் பிழை, புள்ளித் திட்டம் எழுதாமல் திருத்த உட்கார்ந்ததால். 20 புள்ளிக் கட்டுரை என்றால், குறையைக் கண்டதற்கு எவ்வளவு, காரணம் சொன்னதற்கு எவ்வளவு, திருத்தம் சொன்னதற்கு எவ்வளவு, மொழிக்கு ஏதும் உண்டா இல்லையா என்று வினா எழுதும் அன்றே எழுதி, மூடிலில் திருத்துபவருக்கு மட்டும் தெரிகிற குறிப்புப் பெட்டிக்குள் போடுங்கள். எழுத முடியவில்லை என்றால் வினாவே தெளிவில்லை என்று அர்த்தம், வினாவை மாற்றுங்கள். பிறகு இருவரும் ஐந்து விடைத்தாளை மட்டும் தனித்தனியே திருத்தி, ஒரு தேநீரோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். சண்டை எல்லாம் அந்த ஐந்திலேயே பிடித்து முடித்துவிடலாம்.

ஆள் ஆளாகத் திருத்தாமல் வினா வினாவாகத் திருத்துங்கள். 38 பேரின் முதலாம் வினா, அப்புறம் 38 பேரின் இரண்டாம் வினா. முதல் விடை நன்றாக இருந்ததென்று அடுத்ததற்கும் கை தாராளமாக ஓடுகிற நோய் இதனால் குறையும். பெயர்களை மறைக்கவும் மூடிலில் வழி உண்டு, தள நிர்வாகியிடம் அனுமதியை மாற்றித் தரச் சொல்லுங்கள். சிறிய துறையில் யாருடைய நடை எது என்று எப்படியும் தெரியும்தான், இருந்தாலும் மறையுங்கள்.

பல்தேர்வையும் மெஷின் திருத்திவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். புள்ளிவிபர அறிக்கையில் ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை வீதம் சரி, கெட்டிக்காரப் பிள்ளைகளையும் மற்றவர்களையும் அது எப்படிப் பிரிக்கிறது என்று இரண்டு எண் வரும். இரண்டாவது எண் மறையாக இருந்தால், அதாவது கெட்டிக்காரர்கள் பிழைத்து மற்றவர்கள் சரியாகச் செய்திருந்தால், பெரும்பாலும் விடைக் குறிதான் பிழை. நான் ஒருதரம் 'இ'க்குப் போட வேண்டிய குறியை 'ஈ'க்குப் போட்டுவிட்டு, வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை மின்னஞ்சல் போட்டபோது "நன்றாகப் படியுங்கள்" என்று பதில் எழுதியிருக்கிறேன். மூன்று நாள் கழித்து அந்த எண்ணைப் பார்த்ததும் காது சிவந்துவிட்டது. அந்தப் பிள்ளை இப்போது எங்கேயோ விரிவுரையாளர், என்னைக் கண்டால் இன்றும் சிரிப்பார்.

"கூகுள் ஃபோமில் பரீட்சை வைத்தால் என்ன?"
(மூதூர்)

வகுப்பில் பயிற்சிக்கு அருமை. இறுதிப் பரீட்சைக்கு வேண்டாம். ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று அளந்து நிறுத்தும் மணிக்கூடு அதில் இல்லை, ஒரு பிள்ளைக்கு மட்டும் நேரம் நீட்டுவதும் இல்லை, யார் எப்போது எந்தப் பக்கத்தில் இருந்தார் என்ற பதிவும் இல்லை. மேன்முறையீடு வந்தால் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

"மகள் வளாகத்தில் கடைசி வருடம். பரீட்சை என்று சொல்லிவிட்டுப் புத்தகம், லப்டொப், ஃபோன் எல்லாவற்றையும் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறாள். கேட்டால் அப்படித்தான் என்கிறாள். நான் வயல்காரன், எனக்கு விளங்கவில்லை. இது என்ன பரீட்சை?"
(தம்பலகாமம்)

அண்ணன், மகள் பொய் சொல்லவில்லை. திறந்த புத்தகப் பரீட்சை என்று உண்டு. உங்களிடம் ஒருவர் வந்து "நெல் என்றால் என்ன" என்று கேட்டால் புத்தகம் பார்த்து யாரும் சொல்லலாம். "இந்த வரம்புப் பக்கம் மட்டும் பயிர் ஏன் மஞ்சளாகிறது" என்று கேட்டால் எத்தனை புத்தகம் விரித்தாலும் வயலில் இறங்கினவர்தான் சொல்ல வேண்டும். மகளிடம் கேட்பது இரண்டாவது வகைக் கேள்வி. உண்மையில் அதுதான் கூடக் கஷ்டம், நேரமும் போதாது. அடுத்த பரீட்சை எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டு மணித்தியாலமும் டிவியை நிறுத்திவிட்டு உங்கள் ஃபோனிலும் கொஞ்சம் டேட்டா போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.